மூன்று எழுத்தும் ஒரு கூட்டல் குறியும்

கொண்டி விழுந்த சத்தம் கேட்டது. போடச் சொன்னவன் நான்தான். "அண்ணாச்சி, தொட்டிக்குள்ள விதை தொங்கவிட்டிருக்கேன், நாலு மணி வரைக்கும் கதவு திறந்துச்சுன்னா வெளிச்சூடு உள்ள வந்து எல்லாம் கெட்டுப்போகும், இந்த பி.எஸ்ஸி. பிள்ளைக ஏசி காத்துக்குன்னே தள்ளிக்கிட்டு வரும், உள்ள போட்டா ஆள் இருக்குன்னு தட்டிக்கிட்டே நிக்கும், வெளிய கொண்டி போட்டுட்டுப் போகட்டா?" என்று ஆய்வு மாணவி சங்கரகோமதி கேட்டாள். போட்டுக்கோம்மா, எனக்கென்ன, நான் பாட்டுக்கு வேலையைப் பார்க்கிறேன் என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டேன். கதவை இழுக்கும்போதுதான் அவள் திரும்பிக் கணினியைப் பார்த்துக் கேட்டாள்: "ஸ்க்ரீன் பூரா ஆவுடை ஆவுடைன்னே வருதே, யாரு அண்ணாச்சி அது? உங்க சாமியா?" சும்மா, ஒரு அடையாளத்துக்கு வச்ச பேரு என்றேன். சிரித்துக்கொண்டே போனாள். அந்தப் பொய்யின் மேல்தான் கொண்டி விழுந்தது. மணி இரண்டு பத்து. சாப்பிட்டதும் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தவன் ஒன்றுக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்திருக்கலாம், தோன்றவில்லை. இயற்பியல் துறையில் ஏசி இருப்பது இந்த ஒரு அறைக்குத்தான், அதனால் படிகம் வளர்க்கிற கண்ணாடித் தொட்டியும் கணினியும் ஒன்றாக இங்கே கிடக்கின்றன. ஜன்னலை எப்போதோ செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். கதவுக்கு உள்பக்கமும் ஒரு கொண்டி இருக்கிறது, அதை யார் எதற்குப் போடப்போகிறார்கள். தொட்டியில் சூடு குறைந்தால் ஒரு டிக், ஏறினால் ஒரு டிக். தூண்டில் நரம்பில் கட்டின விதை, வளரப்போகிற படிகத்தின் முதல் துணுக்கு, கடுகளவு தெரிகிறது. இந்த டிக் சத்தத்தை எனக்குத் தெரியும். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஆவுடையம்மாள் வீட்டில் சோறு வடிக்கும்போதுகூட இதை நாக்கால் போட்டுக் காட்டுவாள், டிக், இப்ப ஹீட்டர் ஆஃப், டிக், இப்ப ஆன். அவள் நின்ற அறை இதுதான். நாற்பத்து மூன்று நாள் நின்றாள். தெரிந்துதான் உள்ளே வந்தேன். கொண்டி விழும் என்பது மட்டும் தெரியாது.

வேலையைப் பார்ப்போம், வேலை ஓடினால் நேரமும் ஓடும். நூற்று எண்பத்தேழு பக்க ஆய்வேடு, இன்று ஐந்து மணிக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும், கோமதியின் ஏழு வருஷக் கெடு இன்றோடு முடிகிறது. மேற்கோள் வரவேண்டிய இடத்தில் எல்லாம் தடித்த கேள்விக்குறி. வந்தபோதே அழுகிற மாதிரி நின்றாள். நேத்து வரைக்கும் இருந்துச்சு அண்ணாச்சி, காலையில நாலு என்ட்ரி சேர்த்தேன், எல்லாமே போச்சு. எதுவும் போகாது. பக்கம் கட்டுகிற நிரலான லேடெக்கை ஒரு தடவை ஓட்டினால் யார் யாரைக் கூப்பிட்டிருக்கிறது என்று ஒரு சின்ன கோப்பில் குறித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான், ஆள் வரும்வரை கேள்விக்குறியை நிறுத்தி வைக்கும். அடுத்து அதன் துணை நிரல் பிப்டெக் போய் அந்தக் குறிப்பைப் பார்த்து, சேமிப்பில் கிடக்கிற கட்டுரைகளில் கூப்பிட்டவற்றை மட்டும் எடுத்து, வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் லேபிள் ஒட்டும். மறுபடி லேடெக், லேபிள் வந்து சேரும். இன்னொரு தடவை லேடெக், அது அதன் இடத்தில் போய் உட்காரும். மொத்தம் நாலு ஓட்டம். நாலு தடவை கூப்பிட்டால்தான் ஒருவர் வருவார். அதுவரை திரையில் எச்சரிக்கை ஓடிக்கொண்டே இருக்கும், பன்னிரண்டாம் பக்கத்தில் ஆவுடை யாரென்று தெரியவில்லை, பதினாலாம் பக்கத்தில் ஆவுடை யாரென்று தெரியவில்லை, இப்படி நாற்பத்தொரு தடவை. ஒவ்வொரு கட்டுரைக்கும் நாம் ஒரு சாவிப் பெயர் வைக்க வேண்டும். அச்சில் அது வராது, தட்டச்சு செய்கிறவனுக்கும் இயந்திரத்துக்கும் மட்டும் தெரிந்தது. கோமதி வைத்த சாவிகள் ஜப்பான்காரன், நீளப்பேப்பர், மேடம்2 என்று இருக்கும். இந்தத் தொட்டியில் செய்த வேலையைப் பற்றிய தொண்ணூற்றொன்றாம் வருஷக் கட்டுரைக்கு மட்டும் ஆவுடை என்று நான் வைத்தேன். இவளுடையது பத்தாவது ஆய்வேடு. இதற்கு முன் ஒன்பது பேருக்கும் அதே சாவியைத்தான் வைத்தேன். ஒருவரும் கேட்டதில்லை, எனக்கு அது போதுமாக இருந்தது. டிக். கோமதி சேர்த்த நாலில் மூன்றாவதில் ஒரு அடைப்புக்குறி திறந்தபடி இருக்கிறது. மூட மறந்திருக்கிறாள், அதற்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் அந்த ஒருத்தருக்குள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். மூடினேன். நாலு தடவை ஓட்டினேன். கேள்விக்குறி எல்லாம் போய் லேபிள்கள் வந்தன. மணி இரண்டே முக்கால்கூட ஆகவில்லை. வேலை முடிந்துபோயிற்று. இனி நாலு மணி வரை என்ன செய்வது?

பன்னிரண்டாம் பக்கத்தில் வந்து நின்றது அது. ஆர்டிஎஃப்+91. ஒரே ஆள் எழுதியிருந்தால் அவர் பெயரின் முதல் மூன்றெழுத்து, அதோடு வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கம். இரண்டிலிருந்து நாலு பேர் என்றால் ஆளுக்கு ஓர் எழுத்து. நாலுக்கு மேல் போனால் முதல் மூன்று பேருக்குத்தான் எழுத்து, மிச்சம் எத்தனை பேர் இருந்தாலும் ஒரு கூட்டல் குறி. வெள்ளைக்காரன் பெயரை நினைத்து எழுதின விதி, பெயரில் கடைசியாக வருவதைத்தான் அது ஆளாக எடுக்கும். போன மாசம் கோமதி தன் பெயரோடு பரமசிவன் என்று அப்பா பெயரையும் சேர்த்து அடித்துவிட்டு, தன் கட்டுரைக்கு வந்த லேபிளில் பி இருப்பதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்கப்பா பத்தாங்கிளாஸ் ஃபெயிலு அண்ணாச்சி, பாருங்க, நைசா பேப்பர் போட்டுட்டாரு!" நல்ல பிள்ளை. ஆர் என்றால் ரெங்கமன்னார், அன்றைக்குத் துறைத்தலைவர். டி என்றால் தாணுமாலயன், ஆவுடையின் எம்.ஃபில். கைடு. எஃப் என்றால் பெர்னாண்டோ, எக்ஸ்ரே எடுத்துக் கொடுத்தவர். அந்தக் கூட்டல் குறிக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருத்தர் கொம்பையா, கண்ணாடி ஊதி இந்தத் தொட்டியைச் செய்தவர், உதடு எப்போதும் வெந்திருக்கும். இன்னொருத்தி என் பெண்சாதி. பின்னால் பட்டியலில் முழுப்பெயரும் இருக்கத்தான் செய்கிறது, எம். ஆவுடையம்மாள் என்று, எம் அவள் அப்பா மாடசாமி. அந்த எம்-ஐப் பார்த்து என்னோடு யார் சேர்க்கப்போகிறார்கள்? பட்டியலை யார் வாசிக்கிறார்கள்? வாசிக்கிறவன் கண்ணில் நாற்பத்தொரு தடவை படுவது அந்த மூன்றெழுத்தும் கூட்டல் குறியும்தான். அடிவயிறு கனக்கிறது. எழுந்து நடந்தேன், நாலு எட்டில் சுவர் வந்துவிட்டது. கதவில் காது வைத்தேன், ஏசி சத்தம்தான். கைடு மேடத்திடம் கையெழுத்து வாங்கப் போன கோமதி மறந்துவிட்டால்? செல்லில் கூப்பிடலாம். கூப்பிட்டு என்ன சொல்வது, ஒன்றுக்கு வருது, கதவைத் திற என்றா? திறந்தால் விதை போச்சு. கடுகளவு விதைக்காக அறுபத்தெட்டு வயது ஆள் காலை இடுக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. ஆவுடை நாற்பத்து மூன்று நாளும் எப்படி நின்றாள் என்று நான் ஒரு தடவையாவது கேட்டேனா? பெண்களுக்குக் கழிப்பறை அன்றைக்கு இந்தக் கட்டடத்திலேயே கிடையாது. காலையில் தண்ணீர் குடிக்காமல் கிளம்புவாள், ஏன் என்று கேட்டால் தாகமில்லை என்பாள்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் தாணுமாலயன் என் கடையில் வந்து நின்றது பகல் பதினொன்றரை இருக்கும். கல்லூரி வாசலுக்கு எதிரே என் தட்டச்சு நிலையம், ஒரு மேஜை, ஒரு பழைய இயந்திரம். அதில் ஆங்கிலச் சின்ன 'ஈ' எழுத்து மட்டும் வரியைவிட்டு ஒரு மயிரிழை மேலே ஏறி விழும். சரிசெய்ய எத்தனையோ பார்த்தேன், அதன் குணம் அது. கட்டுரையை முந்தின நாளே முடித்துவிட்டிருந்தேன், சூத்திரங்களையெல்லாம் பேனாவால் எழுதி. நாலு பெயர். தாணுமாலயன், பெர்னாண்டோ, ஆவுடையம்மாள், கொம்பையா. அவள் பெயரை அடிக்கும்போது ஒவ்வொரு எழுத்தையும் நிதானமாகத் தட்டினேன், ஞாபகமிருக்கிறது. தாணுமாலயன் என் முகத்தைப் பார்க்காமல் மேஜையில் இருந்த அழிப்பானைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "முத்தையா, முதல் பக்கத்தை மட்டும் திரும்ப அடிச்சிரும். ரெங்கமன்னார் சார் பேரை முன்னால போட்டிரும்." சார் இந்த வேலையில இல்லையே என்றேன். "உமக்கு எதுக்குவே அதெல்லாம்? துறைக் கேள்வித்தாள் பூரா உம்மகிட்டதான வருது?" அவ்வளவுதான் பேச்சு. அவர் மிரட்டவில்லை, அவரும் பயந்துதான் நின்றார். நான் தாளைச் செருகினேன், கார்பன் வைத்தேன், அடித்தேன். பெயர் உள்ளேதானே இருக்கிறது, ஓரிடம் தள்ளினால் என்ன, என்று ஒரு நினைப்பு ஓடியது. அது பிறகு நான் சேர்த்துக்கொண்டதோ என்னவோ. அன்றைக்கு ஓடியது கேள்வித்தாள்தான், மார்ச்சில் வரப்போகிற கேள்வித்தாள். சாயங்காலம் ஆவுடை வந்தாள், காபி போட்டாள், கட்டுரையைத் தபாலில் போட்டாச்சா என்றாள், ஆச்சு என்றேன். ஏழு மாசம் கழித்து அச்சுப் பிரதி வந்தது. கட்டிலில் உட்கார்ந்து அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள், "முதப் பக்கம் டைப் அடிச்சது யாருங்க?" காலேஜ் ஆபீஸ்ல அடிச்சிருப்பாங்க என்றேன். "ஓகோ" என்றாள். "சாப்பிட வாங்க, குழம்பு ஆறுது." அடுத்த வருஷம் அவளுடைய பி.எச்டி. நேர்காணலில் ரெங்கமன்னாரே உட்கார்ந்திருந்தாராம். இந்தப் பேப்பர்ல நீ நாலாவது ஆளுதானம்மா, தொட்டியைப் பாத்துக்கிட்டிருந்திருப்ப, என்றாராம். வீட்டுக்கு வந்து அதை அவர் குரலிலேயே சொல்லிக்காட்டிச் சிரித்தாள், நானும் சிரித்தேன். பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளராக இருபத்தாறு வருஷம். டிக். போன வருஷம், அவள் போய் இரண்டு வருஷம் கழித்து, பீரோவில் அவளுடைய வெப்பநிலை நோட்டு கிடைத்தது. நாற்பத்து மூன்று நாள், மணிக்கொரு எண். அட்டைக்குள் அந்த முதல் பக்கத்தின் இரண்டு கார்பன் பிரதிகள் மடித்து இருந்தன. ஒன்றில் நாலு பெயர், ஒன்றில் ஐந்து. இரண்டிலும் அந்த ஈ மேலே ஏறி நிற்கிறது. என் கடைக் குப்பைக்கூடையில் எடுத்தாளோ, கோப்பில் எடுத்தாளோ. எப்போது எடுத்தாள்? கேட்பதற்கு முன்பா, கேட்ட பிறகா? முன்பு என்றால், தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறாள், நான் சொல்லட்டும் என்று. இங்கேதான் எப்போதும் வந்து முட்டிக்கொள்வேன். ஒரு வருஷமாக இந்த இடத்தைத் தாண்டி ஓர் எட்டு வைக்க முடியவில்லை. அந்தத் தாளில் ஒரு வார்த்தை எழுதி வைத்திருக்கலாம், திட்டியாவது. ஒன்றுமில்லை. மடிப்பு மட்டும் நேராக இருந்தது.

மூன்றே கால். கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. லேபிள் ஒட்டுகிற விதியெல்லாம் ஒரு கோப்பில் இருக்கிறது, பல்கலைக்கழகம் கொடுத்த கோப்பு. அதைத் திறந்தால் பாதிப்பேர் பயந்து மூடிவிடுவார்கள். நான் நகலெடுத்த கையேட்டையும் ஓர் அகராதியையும் வைத்துக்கொண்டு, யாரும் சொல்லித்தராமல், எட்டு மாசம் உட்கார்ந்து படித்தேன். நம் பேச்சு மாதிரியே செய்கிறதைக் கடைசியில் சொல்லும் கோப்பு அது. பெயர்களின் எண்ணிக்கை, நாலு, பெரியதா? பெரியதென்றால் மூன்றை எடு, கூட்டலைப் போடு. அந்த நாலுதான் எல்லாம். ரெங்கமன்னார் வராமல் இருந்திருந்தால் நாலு பேரும் எழுத்தோடு நின்றிருப்பார்கள். நான் அடித்த ஒரு பெயரால் நாலு ஐந்தாயிற்று, ஐந்தானதும் இரண்டு பேர் ஒரு குறிக்குள் போய்விட்டார்கள். இந்த விதி எழுதப்பட்டிருப்பதே அப்போது எனக்குத் தெரியாது. என் கைக்குத் தெரிந்திருந்தால்? அப்போதும் அடித்திருக்கும். இப்போது அந்தக் கையாலேயே நாலை அழித்து ஐந்து போட்டேன். ஒரு இலக்கம். ஓட்டினேன். பிப்டெக், லேடெக், லேடெக். பன்னிரண்டாம் பக்கம். ஆர்டிஎஃப்ஏகே91. ஏ! எஃப்-க்கும் கே-க்கும் நடுவில், கூட்டமான பஸ்ஸில் ஏறி நிற்கிற மாதிரி அவள் நின்றாள். பதினாலாம் பக்கத்தில் நின்றாள், இருபதில் நின்றாள். மூக்கு எரிந்தது. ஏசிக் காற்று என்று சொல்லிக்கொண்டேன். கீழே தள்ளிக்கொண்டு போனால் வேறு ஏழு கட்டுரைகளிலும் கூட்டல் குறி திறந்து ஆட்கள் வெளியே வந்திருந்தார்கள், யாரோ ஜப்பானியர்கள், யாரோ போலந்துக்காரர்கள், அவர்களுக்கும் வீடு இருக்கும், வீட்டில் யாராவது அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் ஆறு பேர் எழுதியதிலும் எட்டு பேர் எழுதியதிலும் கூட்டல் குறி அப்படியே நிற்கிறது. ஆறு போட்டால் ஏழாவது ஆள் வெளியே நிற்பான். எந்த எண்ணைப் போட்டாலும் கதவுக்கு அந்தப்பக்கம் ஒருத்தர் இருப்பார்.

அப்புறம்தான் பக்க எண்ணைப் பார்த்தேன். நூற்று எண்பத்தெட்டு. நீளமான லேபிள்கள் வரியைத் தள்ளி, வரி படத்தைத் தள்ளி, ஒரு பக்கம் கூடிவிட்டது. மேடம் கையெழுத்துப் போடுகிற சான்றிதழில் நூற்று எண்பத்தேழு என்று இருக்கிறது. லேபிளும் அவர்கள் கொடுத்த முறையில் இல்லை. அங்கே பல்கலைக்கழகப் பிரிவில் உட்கார்ந்திருக்கிற ஆள் இதைத்தான் பார்ப்பார், உள்ளே இருக்கிற படிகத்தையா பார்க்கப்போகிறார்? திருப்பி அனுப்பினால் கோமதிக்கு நாளை என்று ஒன்று கிடையாது. வைத்துவிடலாம், அவர் கண்ணில் படாமலும் போகலாம், பட்டாலும் கோமதிக்கு ஏன் என்று தெரியாது, கம்ப்யூட்டர் கோளாறு என்பாள், நானும் ஆமா என்பேன். ஆமா என்பேன். இதைத்தான் சொல்வேன் என்று எனக்கே எவ்வளவு நன்றாகத் தெரிகிறது. காலேஜ் ஆபீஸ்ல அடிச்சிருப்பாங்க. கம்ப்யூட்டர்ல ஏதோ ஆயிருக்கும். அன்றைக்கும் ஒரு பெண்ணின் உழைப்பு என் விரலுக்குக் கீழே கிடந்தது, யாரும் பார்க்கவில்லை, ஒன்றைத் தட்டினேன். இன்றைக்கும் அதுதான். சாவியில் பெயரை வைத்து ஒன்பது ஆய்வேட்டில் ஒளித்ததும் அதுதான். இயந்திரம் நாற்பத்தொரு தடவை ஆவுடை யார் ஆவுடை யார் என்று கேட்கிறது, கேட்டதும் அதற்கு ஓர் எழுத்தைக் கொடுத்து வாயை அடைத்துவிடுகிறேன். மனுஷி ஒருத்தி இரண்டு வார்த்தையில் கேட்டாள், அப்போதும் அடைத்தேன். இன்று இந்தப் பிள்ளை கேட்டது. சும்மா ஒரு அடையாளத்துக்கு என்றேன். ஐந்தை அழித்தேன். விரல் நாலில் போய் நின்றது, நிற்கட்டும் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் இன்னும் திரையில் இருந்தாள், ஓட்டினால்தான் போவாள். டிக். நாலைத் தட்டினேன். ஓட்டினேன். ஆர்டிஎஃப்+91. நூற்று எண்பத்தேழு. ஏழு கதவும் மூடிக்கொண்டன, ஜப்பானியர்கள் போய்விட்டார்கள்.

நாலு மணிக்கு இரண்டு நிமிஷம் முன்னாலேயே கொண்டி எடுபட்டது. கோமதி கையில் கோப்போடு நேரே தொட்டிக்குப் போய்க் குனிந்தாள். "இருக்கு அண்ணாச்சி! கரையல! மூலை பிடிச்சிருக்கு பாருங்க!" எனக்குக் கடுகுதான் தெரிந்தது. பார்க்கிற மாதிரி நின்றுவிட்டு வெளியே ஓடினேன், வராந்தாக் கோடியில் கழிப்பறை, சுவரில் கையூன்றி நின்றேன், வெயில் ஒரு துண்டு காலில் விழுந்தது. அப்படியே படியிறங்கி வீட்டுக்குப் போய்விடலாம். வேலை முடிந்தது, கோப்பு சரியாக இருக்கிறது, யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. திரும்பி வந்து கதவுப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. கோமதி திரையில் பக்கங்களைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாம் வந்திருச்சு அண்ணாச்சி, நீங்க இல்லைன்னா நான் இன்னைக்கு அவ்வளவுதான். நாலரைக்கு ஆட்டோ சொல்லிருக்கேன், பிரின்ட் அஞ்சு நிமிசத்துல இறங்கிரும்." பலகையை நான் விடவில்லை. "என்ன அண்ணாச்சி, மயக்கமா வருதா?" இல்லம்மா, என்றேன். கேட்டியே, என்றேன். ஆவுடை யாருன்னு. இருமினேன், பிறகு வந்துவிட்டது. "அது என் வீட்டுக்காரி. ஆவுடையம்மா. இந்தத் தொட்டிக்கு முன்னால நாப்பத்து மூணு நாள் நின்னது அவதான். ஆர்டிஎஃப் கூட்டல்னு இருக்குல்ல, அந்தக் கூட்டல்ல இருக்கா. கூட கொம்பையான்னு ஒருத்தரும் இருக்காரு. முதப் பேரு வேலைல இல்லாத பேரு. அதை அடிச்சது நான். அவ கேட்டா, நான் அடிக்கலைன்னுட்டேன்." கோமதி சுட்டியை விட்டாள். என்னைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். சீ என்று சொல்வாள் என்று நினைத்தேன், ஐயோ பாவம் என்பாளோ என்று அதைவிடப் பயந்தேன். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "வெக்கை உள்ள வருது அண்ணாச்சி," என்றாள் மெதுவாக, "உள்ள வந்து கதவைச் சாத்திட்டுச் சொல்லுங்க. முதல்ல இருந்து சொல்லுங்க." உள்ளே வந்தேன். கதவைச் சாத்தினேன். கொண்டியை இந்தத் தடவை உள்பக்கம் நானே போட்டேன். டிக் என்றது.